இருபது விநாடி நன்னீர்

வாளியில் ஒன்பது கிலோ மணல்.
மணல் என்று சொல்வது பழக்கத்தில்.
உடைந்த சிப்பி, சங்கின் உதடு,
கடல்முள்ளெலி உதிர்த்த ஊதா முட்கள்.
ஃபாரோ தீவுகளுக்குத் தென்மேற்கே
நூற்றுப் பத்து மீட்டர் ஆழத்திலிருந்து
ஹெய்னி தன் படகில் இழுத்து வந்தது.
"இதில் கறிக்கு ஆகிறது ஏதாவது உண்டா?"
இல்லை.
"டீசல் காசு?"
வரும், வசந்தத்துக்குள் வரும் என்றேன்.
எந்த வசந்தம் என்று அவன் கேட்கவில்லை.

கையளவு மணலைக் குடுவையில் போட்டுக்
குழாய்த் தண்ணீர் ஊற்றி ஆட்டுவேன்.
உப்பே உலகம் என்றிருந்தவை
திடுக்கிட்டுப் பிடியை விடும்.
பதினைந்து எண்ணினால் விடாது.
முப்பது எண்ணினால் உடல் ஊதிக் கெட்டுவிடும்.
இருபது.
வாய்விட்டு எண்ணுவேன், சத்தமாக,
பக்கத்து அறையில் சிரிப்பார்கள்.

டோர்ஸ்ஹவ்ன் வானொலியில் கேட்டார்கள்:
விண்வெளிக்குப் போய்த் திரும்பிய கரடிதானே,
கொதிக்க வைத்தாலும் சாகாதாமே?
அது பாசியில் வாழும் ஒன்றுவிட்ட உறவு.
புகழெல்லாம் அந்த வீட்டுக்குப் போய்விட்டது.
இது காய்ந்தால் சாகும்.
நாம் காபி போடும் தண்ணீரில் சாகும்.
அந்தப் பகுதியை அவர்கள் ஒலிபரப்பவில்லை.

பிப்ரவரி, வியாழன். படகுப் போக்குவரத்து ரத்து.
காற்றில் ஜன்னல் சட்டம் பல்லைக் கடித்தது.
நாற்பதாவது சொட்டில்
ஒரு சிப்பித் துணுக்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.
எட்டுக் கால், காலுக்கு ஆறு விரல்,
விரல் நுனியில் சின்னக் கரண்டி.
கடைசிக் காலுக்கு மேலே முதுகோரம் ஒரு முள்.
முள்ளின் நுனி இரண்டாகப் பிளந்திருந்தது.
என் அலமாரியிலுள்ள எந்தப் படத்திலும்
அது பிளந்ததில்லை.

சரிதானா என்று பார்க்க
அது அசையாதிருக்க வேண்டும்.
ஒரு சொட்டு ஃபார்மலின்.
முன்னங்கால் ஒன்று
எதையோ பிடிக்க நீண்டபடியே நின்றது.
கிளிசரினில் பத்து நாள். மேலே கண்ணாடி.
ஓரம் அடைக்க நகப்பூச்சு:
கடையில் சிவப்புதான் இருந்தது.

கோபன்ஹேகனிலிருந்து பிர்த்தே எழுதினாள்:
ஒற்றை உடல் ஓர் ஊனமாகவும் இருக்கலாம்.
பத்தாவது கொண்டு வா.

இரண்டு குளிர்காலம்.
ஹெய்னி டீசல் பேச்சை எடுப்பதை விட்டிருந்தான்.
ஒரு நாள் ஈரச் சட்டையோடு வந்து
நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவன்
எடுக்க நேரமானது.
உயிருள்ள ஒன்று, ஐந்தாவது.
நான் ஊசியால் மணல்துகளைப் புரட்ட, அது புரண்டு
அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டது.
"நல்ல பிடி" என்றான்,
கயிறு பிடிக்கும் ஆட்களைச் சொல்லும் குரலில்.
அதற்கப்புறம் ஃபார்மலினை எடுக்க
அவன் போகட்டும் என்று காத்திருந்தேன்.

பதினொன்று கிடைத்தன.
கடைசியது பெண். ஒரே முட்டை,
உடம்பில் பாதிக்கு அதுவே.
முள் எல்லாவற்றிலும் பிளந்திருந்தது.

பிறகு எழுத்து வேலை.
நீளம் நூற்று நாற்பத்திரண்டு மைக்ரோமீட்டர்.
கண்: இல்லை.
தோல்: நுண்புள்ளிகளுடன்.
இந்த மொழியில் வினைச்சொல்லுக்கு இடமில்லை.
"ஏறுகிறது" என்று ஒருமுறை எழுதினேன்,
பிர்த்தே அடித்துவிட்டாள்.
அவள் சொல்வது சரி.
கண்ணாடிக்குள் இருப்பது எதிலும் ஏறாது.

பெயரைத் தாங்குவது ஓர் உடல்தான்,
மற்றப் பத்தும் அதற்குச் சாட்சி.
நான் வியாழக்கிழமைக்காரனைத் தேர்ந்தேன்,
கால் நீட்டியவனை, சிவப்பு ஓரம் போட்டவனை.
ஹெய்னி தன் படகின் பெயரை வைக்கச் சொன்னான்.
லத்தீனில் அது உட்கார மறுத்தது.
பிளந்த முள் என்று பொருள்படும்
ஒரு சாதாரணப் பெயர் வைத்தேன்.
அவன் இரண்டு நாள் பேசவில்லை.

அலசிய மணலைத் துறையிலிருந்து
திரும்பக் கடலில் கொட்டினேன்.
இருபது விநாடிக்கும் மசியாமல்
பிடித்துக்கொண்டே இருந்தவை
அதில் எத்தனையோ.
அவை என்ன இனமென்று எனக்குத் தெரியாது.

வாளியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான் ஹெய்னி.